ஸ்க்ரூஜ் பலவிதம்

கிறிஸ்துமஸுக்கு முதல் நாள் மாலை. லண்டனில் மூடுபனி. எச்சில் கையால் காக்கை ஓட்டாத ஒரு கிழவர், ஸ்க்ரூஜ். அவரிடம் வாரம் 15 ஷில்லிங் சம்பளத்துக்குக் குளிரில் விறைத்தபடி கணக்கெழுதும் ஒரு குமாஸ்தா. அன்றிரவு, செத்து ஏழு வருஷமான கூட்டாளி மார்லி சங்கிலியை இழுத்துக்கொண்டு வந்து எச்சரிக்கிறான். பின்னாலேயே மூன்று ஆவிகள்: போன கிறிஸ்துமஸ், இந்தக் கிறிஸ்துமஸ், வரப்போகிற கிறிஸ்துமஸ். விடிந்தால் கிழவர் வேறு ஆள். இவ்வளவுதான் சார்ல்ஸ் டிக்கன்ஸின் 'எ கிறிஸ்துமஸ் கேரல்'. 120 வருஷத்துக்கும் மேலாக இதைத் திரும்பத் திரும்பப் படம் எடுத்துக்கொண்டிருக்கிறார்கள். துரியோதனன் தொடை பிளந்து சாவான் என்று தெரிந்துதான் விடிய விடியக் கூத்து பார்க்கிறோம். இந்த வருஷம் வேஷம் யார் கட்டுகிறார் என்பதுதான் பேச்சு. ஸ்க்ரூஜ் வேஷமும் அப்படித்தான்.

*

புத்தகம் வந்தது 1843 டிசம்பர் 19. விலை 5 ஷில்லிங், அதாவது அந்தக் குமாஸ்தா பாப் கிராட்சிட்டின் வாரச் சம்பளத்தில் மூன்றில் ஒரு பங்கு. யாருடைய கஷ்டத்தைச் சொல்கிறதோ அவரால் வாங்க முடியாத புத்தகம். டிக்கன்ஸ் பேசியது வாங்கக்கூடியவர்களிடம்.

சுரங்கங்களிலும் பட்டறைகளிலும் குழந்தைகள் படும் பாட்டைப் பற்றி அரசாங்க விசாரணைக் குழுவின் அறிக்கைகள் வந்துகொண்டிருந்த காலம் அது. முதலில் ஒரு துண்டுப்பிரசுரம் எழுதத்தான் நினைத்தார். செப்டம்பரில் லண்டனின் ஃபீல்ட் லேன் ஏழைப் பள்ளியைப் போய்ப் பார்த்தார். பிறகு ஆறே வாரத்தில் கதையை எழுதி முடித்தார். 6000 பிரதிகள் கிறிஸ்துமஸுக்குள் தீர்ந்தன. ஆனால் தங்க விளிம்பு, ஜான் லீச்சின் கைவண்ணம் தீட்டிய படங்கள் என்று தயாரிப்பில் தாராளம் காட்டியதால், கைக்கு வந்த லாபம் எதிர்பார்த்ததில் கால்வாசிகூட இல்லை. கருமித்தனத்துக்கு எதிரான புத்தகத்தைக் கருமித்தனமில்லாமல் அச்சடித்ததற்கு ஆசிரியர் கொடுத்த விலை.

*

ஒவ்வொரு படத்தையும் பார்க்கும்போது நான் காத்திருக்கும் இடம் ஒன்று உண்டு. இந்தக் கிறிஸ்துமஸின் ஆவி, விருந்தும் சிரிப்பும் காட்டி முடித்துவிட்டு, அங்கியை விலக்கும். காலடியில் இரண்டு குழந்தைகள் ஒட்டிக்கொண்டிருக்கும். எலும்பும் தோலுமாக ஒரு பையன், ஒரு பெண். பையன் பெயர் அறியாமை. பெண் பெயர் இல்லாமை. இருவரில் பையனைப் பார்த்து அதிகம் பயப்படு என்கிறது ஆவி. துண்டுப்பிரசுரமாக வந்திருக்க வேண்டிய கோபம் முழுவதும் அந்த ஒரு பக்கத்தில் இருக்கிறது. பண்டிகைப் படம் எடுப்பவர்கள் முதலில் வெட்டுவதும் அதைத்தான்.

*

கிடைப்பதில் மிகப் பழையது 1901-ல் பிரிட்டனில் வந்த 'ஸ்க்ரூஜ், ஆர், மார்லிஸ் கோஸ்ட்'. தயாரிப்பு ஆர். டபிள்யூ. பால், இயக்கம் வால்டர் பூத். முழுதாக மிஞ்சவில்லை, சில நிமிடங்கள்தான் இருக்கின்றன. மூன்று ஆவிகளுக்கு நேரமில்லாததால், மார்லியே வெள்ளைத் துணி போர்த்திக்கொண்டு எல்லா வேலையையும் பார்க்கிறார். பழைய நாட்கள் ஒரு கறுப்புத் திரையின் மேல் தெரிகின்றன. கதவு தட்டும் வளையத்தில் மார்லியின் முகம் முளைக்கிறது. பூத் சினிமாவுக்கு வருமுன் மேடையில் மாயவித்தை காட்டியவர். அது தெரிகிறது. சினிமா பிறந்து ஐந்தாறு வருஷத்திலேயே அது டிக்கன்ஸைத் தேடிப் போனதில் ஆச்சரியமில்லை. ஒருவனை உட்காரவைத்து, அவன் வாழ்க்கையை அவன் கண்முன்னே ஓட்டிக் காட்டுவதுதான் கதை. டிக்கன்ஸ் எழுதி வைத்திருந்ததே ஒரு சினிமாக் கொட்டகையைத்தான்.

*

1910 எடிசன் கம்பெனிப் படத்தில் பாப் கிராட்சிட்டாக வருபவர் சார்ல்ஸ் ஓகிள். அதே வருஷம், அதே இயக்குநர் ஜே. சியர்ல் டாலியின் கீழ், ஃபிராங்கன்ஸ்டைனின் பூதமாகவும் நடித்தவர். ஒரே முகத்தில் பூதமும் குமாஸ்தாவும்.

*

1935. சீமூர் ஹிக்ஸ். மேடையில் முப்பது வருஷத்துக்கு மேல் ஸ்க்ரூஜாக நடித்துத் தேய்ந்தவர். 1913-ல் ஒரு மௌனப் படத்திலும் இதே வேஷம். பேசும் படத்தில் முழுநீள ஸ்க்ரூஜ் இவர்தான் முதல். மார்லியின் ஆவி கண்ணுக்கே தெரியாது, குரல் மட்டும்தான். காசு மிச்சமா கற்பனையா என்று சொல்வது கஷ்டம், ஆனால் காலி நாற்காலியோடு ஒரு கிழவர் வாதாடுவது பயமாகத்தான் இருக்கிறது.

இந்தப் படத்தில் எனக்குப் பிடித்தது கதையில் இல்லாத நீட்டல். லண்டன் மேயரின் விருந்து நடக்கிறது. அடுக்களையில் மலைமலையாக உணவு. வெளியே ஜன்னலோரம் ஏழைகள் மிச்சத்துக்குக் காத்து நிற்கிறார்கள். பொருளாதார மந்தத்தின் நடுவில் வந்த படம். பார்வையாளர்களில் பலர் எந்தப் பக்கம் நின்றிருப்பார்கள் என்று யோசிக்கத் தோன்றும்.

*

மூன்று வருஷம் கழித்து ஹாலிவுட்டில் எம்.ஜி.எம். எடுத்தது. 69 நிமிடம். எல்லாம் பளபள. அறியாமையும் இல்லாமையும் கிடையாது. செத்தவன் வீட்டுத் திரைச்சீலையைத் திருடி விற்கும் காட்சி கிடையாது. இளவயதுக் காதலி பெல்லும் கிடையாது. பாப் கிராட்சிட்டாக ஜீன் லாக்ஹார்ட். கூடவே சொந்த மனைவி கேத்லீன், மகள் ஜூன். பட்டினி கிடக்கும் குடும்பத்தலைவருக்கு லாக்ஹார்ட் கொஞ்சம் பூசினாற்போல இருப்பார். பாப் விளையாட்டாக எறியும் பனிப்பந்து முதலாளியின் தொப்பியைத் தட்டிவிடுகிறது, வேலை போகிறது. போன கையோடு மனிதர் கடைகடையாக ஏறி, இறங்கி, விருந்துச் சாமான் வாங்குகிறார். வேலை போனவர் முகத்தில் அவ்வளவு சந்தோஷத்தை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

இதில் ஸ்க்ரூஜாக நடித்திருக்க வேண்டியவர் லயனல் பேரிமோர். வருஷா வருஷம் கிறிஸ்துமஸுக்கு ரேடியோவில் அந்த வேஷத்தைக் கட்டி வந்தவர். உடல்நிலை இடம் தராததால் ரெஜினால்ட் ஓவன் வந்தார். பேரிமோர் எட்டு வருஷம் கழித்து, 1946-ல், ஃபிராங்க் காப்ராவின் 'இட்ஸ் எ வொண்டர்ஃபுல் லைஃப்' படத்தில் சக்கர நாற்காலியில் உட்கார்ந்த பணக்காரர் பாட்டராக வந்தார். திருந்தாத ஸ்க்ரூஜ். எந்த ஆவியும் அவர் வீட்டுக்கு வரவில்லை. அடுத்தவன் பணத்தை அமுக்கிக்கொண்டதற்குத் தண்டனைகூடக் கிடையாது. அந்தப் படத்தில் பேய்க்காட்சி கிடைப்பது நல்லவனுக்கு: நீ இல்லாத ஊரைப் பார் என்று. டிக்கன்ஸைத் தலைகீழாகப் பிடித்தவர்களில் மிகக் கெட்டிக்காரர் காப்ரா.

*

1951. இதைப் பற்றிக் கொஞ்சம் நின்று பேச வேண்டும்.

பிரையன் டெஸ்மண்ட் ஹர்ஸ்ட் இயக்கம். நோயல் லாங்லி திரைக்கதை. ஸ்க்ரூஜாக அலஸ்டேர் சிம். பெரிய கண்கள், தொங்கும் இமைகள், எந்நேரமும் யாரோ தன்னை ஏமாற்றப் போகிறார்கள் என்ற முகம். ஆரம்பத்தில் ஒரு சாப்பாட்டுக் கடைக் காட்சி. இன்னும் கொஞ்சம் ரொட்டி கேட்கிறார். அரை பென்னி கூட ஆகும் என்கிறான் பரிமாறுபவன். வேண்டாம் என்று விடுகிறார். சில விநாடிகள்தான். அந்த விநாடிகளில் முகத்தில் ஒரு கூட்டல் கழித்தல் ஓடுகிறது. கருமி அடுத்தவருக்கு மட்டும் கருமி இல்லை, தன் வயிற்றுக்கும் கருமி என்பதை அந்த முகமே சொல்லிவிடுகிறது.

படம் வந்தபோது பிரிட்டனில் இறைச்சிக்கு இன்னும் ரேஷன் இருந்தது, 1954-ல்தான் எடுத்தார்கள். கிராட்சிட் குடும்பம் ஒரே ஒரு வாத்தைச் சுற்றி உட்கார்ந்து பூரிப்பதைக் கொட்டகையில் இருந்தவர்கள் வேடிக்கையாகப் பார்த்திருக்க மாட்டார்கள். இன்னொன்று: ஏழைகளை வைத்து வேலை வாங்கும் ஒர்க்ஹவுஸ்கள் இருக்கின்றனவே என்று ஸ்க்ரூஜ் நன்கொடை கேட்டு வந்தவர்களை விரட்டுகிறார் அல்லவா, அந்த ஒர்க்ஹவுஸ்களுக்குப் பின்னால் இருந்த ஏழைச் சட்டத்தையே பிரிட்டன் ஒழித்தது 1948-ல். மூன்றே வருஷம் முன்னால். அந்த வசனம் அவர்களுக்குச் சரித்திரமாகியிருக்கவில்லை.

*

லாங்லி புத்தகத்தில் இல்லாத நிறையச் சேர்த்தார். ஸ்க்ரூஜைப் பெற்று அம்மா செத்துப்போகிறாள்; அதனால் அப்பாவுக்கு அவர்மேல் வெறுப்பு. அக்கா ஃபேன், ஃபிரெட்டைப் பெற்றுச் சாகிறாள். அதனால் ஸ்க்ரூஜுக்கு ஃபிரெட்மேல் வெறுப்பு. கணக்கு அழகாகச் சரியாக வருகிறது. அதனாலேயே எனக்கு அதில் கொஞ்சம் சந்தேகம். டிக்கன்ஸ் இப்படி ஒரு கணக்கைக் கொடுக்கவில்லை. விடுமுறையில் தனியே விடப்பட்ட ஒரு பள்ளிச் சிறுவன், பிறகு காசுக்குப் பயந்து காதலியை நழுவவிட்ட வாலிபன், அவ்வளவுதான். மற்றதெல்லாம் ஸ்க்ரூஜ் தானாகச் சேர்த்துக்கொண்டது.

ஆனால் லாங்லி இன்னொரு வகையிலும் சேர்த்தார், அதில்தான் படம் நிற்கிறது. ஜார்க்கின் என்று ஒரு வியாபாரி, வாலிப ஸ்க்ரூஜை நல்ல முதலாளி ஃபெஸிவிக்கிடமிருந்து கூடுதல் சம்பளம் காட்டி இழுக்கிறார். ஃபெஸிவிக்கின் தொழில் மூழ்குகிறது. பிறகு ஜார்க்கின் கம்பெனிப் பணத்தைக் கையாடி மாட்டிக்கொள்ளும்போது, ஸ்க்ரூஜும் மார்லியும் நல்ல பிள்ளைகளாக முன்வந்து நட்டத்தை நாங்கள் ஈடுகட்டுகிறோம் என்கிறார்கள், கம்பெனியின் பெரும்பங்கு எங்களுக்கு வரட்டும் என்ற ஒரே நிபந்தனையோடு. எல்லாம் சட்டப்படி. யாரும் யாரையும் அடிக்கவில்லை. கடைசியில் மார்லி சாகக் கிடக்கிறார் என்று ஆள் வந்து சொன்னால், வேலை நேரம் முடியட்டும் என்கிறார் ஸ்க்ரூஜ்.

துக்கத்தைக் காரணமாகக் காட்டினால் அவர்மேல் பரிதாபம் வரும். வியாபாரத்தைக் காரணமாகக் காட்டினால் நம்மேல் சந்தேகம் வரும். அந்த ஒப்பந்தங்களில் எதில் நான் கையெழுத்துப் போட மறுத்திருப்பேன்? மார்லியின் சங்கிலியை டிக்கன்ஸ் எதால் செய்தார் என்று பாருங்கள்: பணப்பெட்டி, சாவி, பூட்டு, பேரேடு, பத்திரம். கண்ணீர்க் கதை ஒரு கண்ணிகூட இல்லை.

*

சிம்முக்குத் திரும்புவோம். விடிந்ததும் அவருக்கு வருவது பைத்தியம் பிடித்த சந்தோஷம். தலைகீழாக நிற்கிறார், வேலைக்காரி மிஸஸ் டில்பர் அலறிக்கொண்டு ஓடுகிறாள். மனம் திருந்தியவனைப் பார்த்தால் பக்கத்திலிருப்பவருக்கு முதலில் வருவது பயம்தான் என்பதை இந்தப் படம் மட்டும் சரியாகப் பிடித்தது.

பிறகு ஃபிரெட் வீட்டு வாசல். உள்ளே போகத் தைரியமில்லாமல் நிற்கிறார். கதவைத் திறந்த பணிப்பெண் ஒரு வார்த்தை பேசாமல் தலையை மட்டும் அசைக்கிறாள், போங்கள் என்று. இரண்டாயிரம் ஸ்க்ரூஜ் வந்தாலும் அந்தப் பெண்ணின் தலையசைப்பு எனக்குப் போதும்.

*

மிஸஸ் டில்பர் பற்றி. புத்தகத்தில் அவள் துணி வெளுப்பவள். செத்தவன் வீட்டில் சுருட்டியதை விற்க வரும் மூவரில் ஒருத்தி. ஒரு பக்கத்தோடு சரி. 1951-ல் கேத்லீன் ஹாரிசன் அந்தப் பெயரை வாங்கி ஸ்க்ரூஜின் வீட்டு வேலைக்காரியாக்கி, சிம்மின் கையிலிருந்து காட்சிகளைப் பறித்துக்கொண்டு போகிறார். சின்ன வேஷத்துக்குச் சம்பள உயர்வு கிடைத்த அபூர்வ சம்பவம்.

*

படம் எடுப்பவர்களை அதிகம் படுத்துவது முதல் ஆவி. டிக்கன்ஸ் வர்ணித்தபடி அது குழந்தை மாதிரியும் கிழவர் மாதிரியும் இருக்கும். தலையிலிருந்து ஒளி பீறிடும். கை கால் கூடிக் குறையும். கக்கத்தில் மெழுகுவத்தி அணைக்கும் மூடி போல ஒரு தொப்பி. இதை எந்த நடிகருக்குக் கட்டுவது? 1938-ல் அழகான இளம்பெண். 1951-ல் நீளமுடிக் கிழவர். 1970-ல் ஈடித் எவன்ஸ், பெரிய வீட்டு அத்தை மாதிரி. 1992-ல் மப்பட் பொம்மலாட்டக்காரர்கள் ஒரு குழந்தைப் பொம்மையைத் திரவத் தொட்டிக்குள் மிதக்கவிட்டு எடுத்தார்கள். முகத்தைச் சுற்றித் துணி அலையும் விதத்தில் காற்றும் இல்லை, எடையும் இல்லை. 2009-ல் ஜிம் கேரியின் முகத்தோடு ஒரு மெழுகுவத்திச் சுடர். புத்தகத்தை மிக நெருங்கியது ரிச்சர்ட் வில்லியம்ஸின் 1971 கார்ட்டூன்: உருவம் இரண்டாகி மூன்றாகி நடுங்கிக்கொண்டே இருக்கும். கோட்டுச் சித்திரத்தால் மட்டும் முடிகிற காரியம்.

*

அந்தக் கார்ட்டூன் 25 நிமிடம்தான். சிம்மும், 1951-ல் மார்லியாக வந்த மைக்கேல் ஹார்டனும் இருபது வருஷம் கழித்துத் தங்கள் வேஷங்களுக்கே குரல் கொடுத்தார்கள். ஜான் லீச்சின் பழைய படங்கள் அசைய ஆரம்பித்தது போன்ற கோடுகள். சுரங்கத் தொழிலாளர்கள், கலங்கரை விளக்கக் காவலர்கள், நடுக்கடலில் ஒரு கப்பல் என்று ஆவி ஸ்க்ரூஜைத் தூக்கிக்கொண்டு பறக்கும் பகுதியைப் பெரிய படங்கள் பலவும் விட்டுவிட்டன. இந்தக் குட்டிப் படம் விடவில்லை. அறியாமையும் இல்லாமையும் இருக்கிறார்கள், பார்க்கவே கூசும்படி. முதலில் டி.வி.யில் வந்து பிறகு கொட்டகைக்குப் போய் ஆஸ்கார் வாங்கியது. டி.வி.யில் வந்ததற்கு எப்படிப் பரிசு என்று சிலர் முணுமுணுக்க, அகாடமி விதியையே மாற்றியது.

*

1970 'ஸ்க்ரூஜ்' பாட்டுப் படம். ஆல்பர்ட் ஃபின்னிக்கு அப்போது 34 வயது. கூனலும் குரலும் போட்டுக் கிழவரானார். லெஸ்லி பிரிக்கஸின் பாட்டுகளில் பாதியை மறந்துவிடலாம். ஒன்றை மறக்க முடியாது. வருங்காலத்தில் ஸ்க்ரூஜ் ஒரு பெருங்கூட்டத்தைப் பார்க்கிறார். எல்லோரும் அவருக்கு நன்றி சொல்லி ஆடுகிறார்கள். கிழவர் உருகிப்போய்ச் சேர்ந்து ஆடுகிறார். பின்னால் சவப்பெட்டி வருவதும், அதன்மேல் ஒருவன் ஏறிக் குதிப்பதும், செத்துத் தொலைந்தாரே, கடன் தீர்ந்ததே என்ற கொண்டாட்டம் இது என்பதும் அவர் கண்ணில் படவே இல்லை. புத்தகத்தில் ஒரு கடன்காரத் தம்பதி, கடன் கொடுத்தவர் செத்ததைக் கேட்டு நிம்மதி அடையும் சின்ன இடம் உண்டு. அந்த விதையிலிருந்து ஒரு ஊரே ஆடும் காட்சி.

இதே படத்தில் ஸ்க்ரூஜ் நரகத்துக்கும் போகிறார். அங்கே சாத்தானின் குமாஸ்தா வேலை. நரகம் முழுக்க நெருப்பு. இவர் ஆபீஸ் அறையில் மட்டும் உறைகிற குளிர். பாப் கிராட்சிட்டின் நாற்காலியில் முதலாளியை உட்காரவைத்துவிட்டார்கள்.

*

பாத்திரத்துக்கு ஏற்ற நடிகர் என்றால் ஸ்க்ரூஜ் மெக்டக்தான். 1947-ல் கார்ல் பார்க்ஸ் ஒரு காமிக்ஸுக்காக டொனால்ட் டக்குக்கு ஒரு பணக்கார மாமாவைப் படைத்து, டிக்கன்ஸின் பெயரைச் சூட்டினார். 36 வருஷம் கழித்து, 1983-ன் 'மிக்கிஸ் கிறிஸ்துமஸ் கேரல்' அந்த வாத்தையே ஸ்க்ரூஜாக நடிக்கவைத்தது. 26 நிமிடம், நிறைய வெட்டு, குழந்தைகளுக்கு முதல் படமாகக் காட்ட இதைவிட நல்லதில்லை.

1962 மிஸ்டர் மகூ கார்ட்டூன் அமெரிக்க டி.வி.க்கென்றே எடுத்த முதல் கிறிஸ்துமஸ் கார்ட்டூன். அதில் ஃபிரெட் கிடையாது. ஆவிகளின் வரிசையே மாறும், நிகழ்காலம் முதலில் வந்துவிடும். வரிசையை மாற்றினால் கதை நொண்டுகிறது. முதலில் தன் இழப்பு, பிறகு அடுத்தவர் கஷ்டம், கடைசியில் பயம். தனக்காக அழத் தெரிந்தபின்தான் அடுத்தவருக்காக அழ வரும் என்று டிக்கன்ஸுக்குத் தெரிந்திருந்தது.

*

1984, ஜார்ஜ் சி. ஸ்காட். இயக்கிய கிளைவ் டானர், 1951 படத்தின் எடிட்டர். ஸ்காட் ஒல்லிக் கருமி இல்லை. பருத்த, நிமிர்ந்த, வெற்றிபெற்ற முதலாளி. எக்ஸ்சேஞ்சில் தானிய வியாபாரிகளோடு விலை பேசும் காட்சி ஒன்றை எழுதிச் சேர்த்திருக்கிறார்கள். நேற்றைய விலைக்குக் கேட்கிறார்கள். இவர் ஏற்றிச் சொல்கிறார். நாளைக்கு வந்தால் இன்னும் ஏறும் என்கிறார். அது தானியம், அதாவது ஊரின் ரொட்டி. பின்னால் ஆவி இவரைப் பாலத்தடிக்குக் கூட்டிப் போகிறது. வேலையில்லாத ஒரு தகப்பன், மனைவி, குழந்தைகள், சுள்ளி நெருப்பு. ஒர்க்ஹவுஸுக்குப் போனால் குடும்பத்தைப் பிரித்துவிடுவார்கள் என்று இங்கே கிடக்கிறார்கள். அந்த இடத்தில்தான் அங்கி விலகி இரண்டு குழந்தைகளும் தெரிகிறார்கள். விலை பேசிய காட்சியையும் பாலத்தடியையும் முடிச்சுப் போடுவது பார்ப்பவர் வேலை.

படப்பிடிப்பு ஷ்ரூஸ்பரி நகரில். ஸ்க்ரூஜின் பெயர் செதுக்கிய கல்லறைக் கல் செயின்ட் சாட்ஸ் தேவாலய வளாகத்திலேயே தங்கிவிட்டது. சுற்றுலாக்காரர்கள் தேடி வந்தார்கள். 2024 நவம்பரில் யாரோ உடைத்துவிட, ஊரே வருத்தப்பட்டது. ஒருவரும் வருந்தாத சாவு என்று எழுதப்பட்ட ஆளின் கல்லுக்கு.

*

'தி மப்பட் கிறிஸ்துமஸ் கேரல்', 1992. தவளை கெர்மிட்தான் பாப் கிராட்சிட். எலிகள் கணக்கெழுதுகின்றன. மார்லி ஒருவர் போதாமல் இருவர். நடுவில் மைக்கேல் கெய்ன், சுற்றியிருப்பது துணிப் பொம்மைகள் என்ற நினைப்பே இல்லாமல், ஷேக்ஸ்பியர் நாடகக் கம்பெனியில் நடிப்பது போல நடிக்கிறார். இப்படித்தான் நடிப்பேன் என்று முன்கூட்டியே சொல்லித்தான் ஒப்புக்கொண்டாராம். ஒரு முறைகூட அவர் நம்மைப் பார்த்துக் கண்ணடிப்பதில்லை. அதனால்தான் ஒரு தவளையின் வீட்டில் செத்துப்போன சின்ன மகனின் ஆளில்லாத ஊன்றுகோலைப் பார்க்கும்போது தொண்டை அடைக்கிறது.

இதன் பெரிய கண்டுபிடிப்பு கதைசொல்லி. கான்ஸோ என்ற பொம்மை டிக்கன்ஸாக வந்து நம்மிடம் பேசுகிறது. ரிஸோ என்ற எலி குறுக்கே குறுக்கே கேள்வி கேட்கிறது. மற்ற படங்கள் வசனத்தை எடுத்துக்கொண்டு, டிக்கன்ஸின் குறும்புக் குரலை விட்டுவிட்டன. பாதிச் சிரிப்பு அந்தக் குரலில்தான் இருக்கிறது. மப்பட்டுகளைப் படைத்த ஜிம் ஹென்சன் 1990-ல் காலமானபின் மகன் பிரையன் இயக்கிய முதல் முழுநீளப் படம். தந்தைக்கும், மப்பட் கலைஞர் ரிச்சர்ட் ஹண்ட்டுக்கும் சமர்ப்பணம்.

காதலி பெல் பிரிந்து போகும்போது பாடும் பாட்டைக் குழந்தைகள் நெளிவார்கள் என்று ஸ்டூடியோ வெட்டியது. கடைசிப் பாட்டு அதே மெட்டின் பதில்; கேள்வியை வெட்டிவிட்டுப் பதிலை மட்டும் வைத்தார்கள். மூல நெகட்டிவ் தொலைந்து, பிறகு கிடைத்து, 2022-ல்தான் முழுப் படம் டிஸ்னி பிளஸ்ஸில் வந்தது. குறை ஒன்று: இங்கேயும் அந்த இரண்டு குழந்தைகள் இல்லை.

*

1999, பேட்ரிக் ஸ்டூவர்ட். ஒற்றை ஆளாக மேடையில் எல்லா வேஷமும் கட்டியவர். படத்தில் ஒரே ஒரு இடத்துக்காக இவரைச் சொல்ல வேண்டும்: விடிந்ததும் சிரிக்க முயல்கிறார், வரவில்லை. இருமல் வருகிறது, விக்கல் மாதிரி ஏதோ வருகிறது, கடைசியில் சிரிப்பு வருகிறது. இத்தனை வருஷம் ஓடாத எந்திரம்.

*

2009-ல் ராபர்ட் ஜெமெக்கிஸ். ஜிம் கேரி ஸ்க்ரூஜாகவும் மூன்று ஆவிகளாகவும். தொழில்நுட்பம் பிரமாதம். திடீரென்று ஸ்க்ரூஜ் எலி அளவுக்குச் சுருங்கித் தெருவெல்லாம் ஓடுகிறார்; எதற்கு என்று கேட்கக்கூடாது. ஆனால் அறியாமையையும் இல்லாமையையும் வளரவிட்டுக் காட்டினார்: கண்ணெதிரே பையன் ரவுடியாகிக் கம்பிக்குள் நிற்கிறான். அதற்காக அந்த ஓட்டத்தை மன்னிக்கலாம்.

2019 பி.பி.சி. தொடர், ஸ்டீவன் நைட் எழுத்து, கை பியர்ஸ் நடிப்பு. பள்ளியில் பட்ட கொடுமை, செலவைக் குறைத்ததால் நடந்த விபத்துகள், கிராட்சிட்டின் மனைவி மேரிக்கு இழைத்த அவமானம். இருட்டோ இருட்டு. காரணங்களும் உண்டு, குற்றங்களும் உண்டு. சிரிப்பு மட்டும் ஒரு சொட்டு கிடையாது. டிக்கன்ஸ் திட்டும்போதுகூடச் சிரிக்கவைப்பார்.

*

1988-ல் பி.பி.சி.யின் 'பிளாக்ஆடர்ஸ் கிறிஸ்துமஸ் கேரல்'. இங்கிலாந்திலேயே நல்லவரை எல்லோரும் மொட்டையடிக்கிறார்கள். ஆவி வந்து முன்னோரின் அயோக்கியத்தனத்தைக் காட்ட, ஆஹா, கெட்டவனாக இருந்தால்தான் பிழைப்பு என்று புரிந்துகொள்கிறார். விழுந்து விழுந்து சிரித்துவிட்டு யோசித்தால் ஒரு நெருடல். ஒருவனுக்கு அவன் வாழ்க்கையைக் காட்டினால் திருந்துவான் என்பது டிக்கன்ஸின் நம்பிக்கை. கணக்குப் பார்க்கத் தெரிந்தவன் வேறு முடிவுக்கும் வரலாம்.

*

எனக்கு வரிசை போடச் சொன்னால்: சிம், மப்பட், ஸ்காட், வில்லியம்ஸின் கார்ட்டூன். ஃபின்னியின் சவப்பெட்டிப் பாட்டு தனியாக.

வரிசைக்கு ஒரு அளவுகோல் வேண்டுமல்லவா? பெரும்பாலான படங்களில் ஸ்க்ரூஜ் கிராட்சிட் வீட்டுக்கு வான்கோழி வாங்கித் தருகிறார். அது ஒரு வேளைச் சாப்பாடு. புத்தகத்தில் மறுநாள் காலை ஒரு காட்சி இருக்கிறது. டிசம்பர் 26 அன்று இங்கிலாந்தில் விடுமுறை வந்ததே 1871 சட்டத்தால்தான்; 1843-ல் அது வேலை நாள். ஸ்க்ரூஜ் சீக்கிரமே ஆபீசுக்கு வந்து, தாமதமாக வரும் பாப்பைப் பழைய குரலில் மிரட்டி, பிறகு சம்பளத்தை ஏற்றுகிறார். அடுப்புக்கு நிறையக் கரி வாங்கச் சொல்கிறார். மப்பட்டுகளும் மிக்கியும் எம்.ஜி.எம்.மும் இதைத் தூக்கி, கிறிஸ்துமஸ் அன்றே கிராட்சிட் வீட்டில் எல்லாவற்றையும் கொடுத்து முடித்துவிட்டார்கள். பண்டிகை உற்சாகத்தில் வீடு தேடிப் போய்க் கொடுப்பது சுலபம். சிம்மும் ஸ்காட்டும் ஆபீசில், வேலை நாளில், பேரேட்டுக்கு எதிரில் நின்று கொடுக்கிறார்கள். தப்பு நடந்த இடம் அதுதான். திருத்தமும் அங்கேதான் நடக்க வேண்டும். ஒரு ஸ்க்ரூஜ் உண்மையிலேயே மாறினாரா என்று தெரிய, அடுத்த வாரச் சம்பளப் பட்டியலைப் பார்த்தால் போதும்.